ஒழுங்கின்மைக் கோட்பாடும் இறைச்செயலும்: ஒரு மதிப்பீடு

மழைக்காக மன்றாடும் சபை எதனை எதிர்பார்த்து மன்றாடுகிறது? இறையியல் வகுப்பறையில் எழுவதற்கு முன்னரே இவ்வினா காவிரிக் கரையில் எழுந்துவிட்டது. முசிறியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழையும் வெற்றிலையும் கோரையும் பயிரிட்டு வாழ்கின்ற நம் மக்கள், மழை பொய்த்த ஆண்டில் ஒருவிதமாகவும் வெள்ளம் வந்த ஆண்டில் வேறுவிதமாகவும் இவ்வினாவை ஆயரிடம் கேட்கின்றனர். கேட்பவர்க்கு விடை கூறும் கடமை நமக்கு உண்டு. கூறும் விடை உண்மையாயிருத்தல் வேண்டும் என்னும் கடமையும் உண்டு.

அண்மைக் காலத்தில் இவ்வினாவுக்கு அறிவியலிலிருந்தே விடை கிடைத்துவிட்டதாக அருளுரைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் கூறப்படுவதைக் காண்கிறோம். ஒரு பட்டாம்பூச்சி சிறகடித்தால் தொலைதூர நாட்டில் புயல் எழக்கூடும் என்று அறிவியல் கூறுகிறதாம். ஆகவே கடவுள் இயற்கையின் விதிகளில் ஒன்றையும் மீறாமல், எவரும் காணாத நுண்ணிய ஓரிடத்தில் சிறிதோர் அசைவை உண்டாக்கி மழையைத் தரவும் நிறுத்தவும் கூடும் என்பது அவ்விடை. கேட்பதற்கு இனிய இவ்விடையின் கற்றறிந்த வடிவம், ஜான் போல்கிங்ஹார்ன் என்னும் ஆங்கிலேய அறிஞருடையது. கேம்பிரிட்ஜில் துகள் இயற்பியல் பேராசிரியராயிருந்து, 1979இல் அப்பதவியைத் துறந்து, 1982இல் குருத்துவ அபிஷேகம் பெற்ற இவர் 2021இல் மறைந்தார். 1993இல் பெர்க்லி நகரில் கூடிய ஆய்வு மாநாட்டின் பயனாக, வத்திக்கான் வானாய்வகமும் பெர்க்லியின் இறையியல் மற்றும் இயற்கை அறிவியல் மையமும் இணைந்து 1995இல் ஒரு கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டன. 'ஒழுங்கின்மையும் சிக்கலமைவும்' என்று பொருள்படும் தலைப்புடைய அத்தொகுப்பில் இவருடைய கருத்தும் அதற்கு எதிரான கருத்துகளும் ஒருங்கே இடம்பெற்றுள்ளன.

இக்கட்டுரையில் நாம் மூன்று வினாக்களை எழுப்புகிறோம். ஒழுங்கின்மைக் கோட்பாடு உண்மையில் கூறுவது யாது? போல்கிங்ஹார்ன் அதிலிருந்து பெறும் முடிவு அதனின்று பெறத்தக்கதா? அம்முடிவைக் கைவிட்டால் மன்றாடும் சபைக்கு எஞ்சுவது யாது?

1. சொல்லும் பொருளும்

முதலில் சொல்லைப் பற்றிக் கூறுதல் வேண்டும். ஆங்கிலத்தில் கேயாஸ் என வழங்கும் பெயரைத் தமிழில் ஒழுங்கின்மை என்று ஆக்கியிருக்கிறோம். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில், படைப்பின் தொடக்கத்தில் பூமி இருந்த நிலையைக் குறிக்க நம் தமிழ்த் திருமறை இச்சொல்லையே ஆள்கிறது. இதனால் சிலர், அறிவியல் கூறும் ஒழுங்கின்மையும் மோசே கூறும் ஒழுங்கின்மையும் ஒன்றெனக் கொண்டு அருளுரை ஆற்றுகின்றனர். இஃது ஒலி ஒற்றுமையே அன்றிப் பொருள் ஒற்றுமை அன்று. எபிரேய மூலத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர் அவ்வசனத்தில் கேயாஸ் என்னும் சொல்லை ஆளவே இல்லை. அறிவியலில் இப்பெயர் நிலைபெற்றதோ 1975இல் லி, யார்க் என்னும் இரு கணித அறிஞர் வெளியிட்ட ஒரு கட்டுரையினால் ஆகும்.

அறிவியலில் இச்சொல்லின் பொருள் திட்டமானது. ஓர் அமைப்பு முற்றிலும் நியதிக்கு உட்பட்டு இயங்குகிறது. இன்றைய நிலை நாளைய நிலையை ஒரே வழியில் நிர்ணயிக்கிறது. தற்செயலுக்கு அதில் இடமே இல்லை. எனினும் தொடக்க நிலையில் இருக்கும் மிகச் சிறிய வேறுபாடு படிதோறும் பெருகுவதால், அதன் போக்கு தற்செயல் போலவே தோன்றுகிறது. பெருகும் வேறுபாடு எல்லையின்றி ஓடிவிடுவதும் இல்லை. அமைப்பு தனக்குரிய எல்லைக்குள்ளேயே நீண்டும் மடிந்தும், ஒரு முறை சென்ற வழியில் மறுமுறை செல்லாமல் இயங்கிக்கொண்டிருக்கிறது. நியதி உண்டு, முன்னுரைத்தல் இல்லை: இவ்விரண்டும் ஒருங்கே நிற்பதுதான் இக்கோட்பாட்டின் புதுமை.

சிறு காரணம் பெரிய விளைவைத் தருவதெல்லாம் இதில் அடங்காது. கோரைப் போரில் விழுந்த ஒரு தீப்பொறி போர் முழுவதையும் எரித்துவிடுகிறது. 1826ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில், திடப்படுத்தல் ஆராதனையை முடித்துத் திரும்பிய பேராயர் ரெஜினால்டு ஹீபர் குளிக்கச் சென்ற இடத்தில் உயிர் நீத்தார். 42 வயதே நிரம்பிய ஒருவரின் மறைவால் இந்தியத் திருச்சபையின் போக்கில் மாறுதல்கள் நேர்ந்திருக்கலாம். இவை சிறியதிலிருந்து பெரியது விளைந்தமைக்குச் சான்றுகள். ஆயினும் ஒழுங்கின்மைக் கோட்பாட்டுக்குச் சான்றுகள் அல்ல. தீப்பொறி விழுந்தால் போர் எரியும் என்று முன்னரே கூறிவிடலாமே! வரலாற்றின் திருப்பங்கள் யாவற்றையும் பட்டாம்பூச்சியின் கணக்கில் எழுதுவது, அறிவியலின் பெயரை இரவல் வாங்கி நாம் சொல்ல விரும்பியதைச் சொல்லுவதாகும்.

2. கோட்பாடு கூறுவது

பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் 1814இல் ஒரு கற்பனை அறிவைப் பற்றி எழுதினார். ஒரு கணத்தில் உலகிலுள்ள எல்லாப் பொருள்களின் நிலையையும் அவற்றின்மீது செயற்படும் விசைகளையும் அறிந்த பேரறிவு ஒன்று இருப்பின், அதற்கு இறந்த காலமும் எதிர்காலமும் ஒருங்கே விளங்கும் என்பது அவர் கருத்து. அவர் நாட்டினரான புவான்காரே, மூன்று வான்பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் இயக்கத்தை ஆராய்ந்து, அதன் போக்கு எதிர்பாராத சிக்கல் உடையது என்று 1890இல் காட்டினார். ஆயினும் இவ்வுண்மை பரவலாக உணரப்பட்டது கணிப்பொறி வந்த பின்னரே ஆகும்.

1961இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ், தம் கணக்கு ஒன்றைப் பாதியிலிருந்து மீண்டும் தொடங்க எண்ணி, பொறி அச்சிட்டிருந்த எண்ணை அதனுள் இட்டார். பொறியின் நினைவில் இருந்த எண் 0.506127, தாளில் அச்சாகியிருந்ததோ 0.506. அவ்வளவு சிறிய வேறுபாட்டினால், சிறிது நேரத்துக்குப் பின் இரண்டு கணக்குகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற வானிலைகளைக் காட்டின. இதன் கணித விளக்கத்தை அவர் 1963இல் வெளியிட்டார்.

வாசகர் தாமே இதனைச் சோதிக்கலாம். 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதனை 1இலிருந்து கழித்து, வந்ததை அவ்வெண்ணாலேயே பெருக்கி, மீண்டும் 4ஆல் பெருக்குங்கள். கிடைத்த விடைக்கும் இவ்வாறே செய்துகொண்டு போங்கள். 0.300 என்று தொடங்கினால் முதல் விடை 0.840, 0.301 என்று தொடங்கினால் ஏறத்தாழ 0.842. மூன்றாம் படியிலும் முறையே 0.994, 0.996 என இரண்டும் அருகருகே உள்ளன. எட்டாம் படியில் ஒன்று 0.448, மற்றது 0.719. விதி ஒன்றே, கைகள் எங்கும் தவறவில்லை, எவரும் குறுக்கிடவும் இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு எட்டே படிகளில் இரண்டு எண்களையும் பிரித்துவிட்டது.

தொடக்கத்தை ஆயிரம் மடங்கு நுட்பமாக அளந்தால் தப்பிவிடலாமோ எனில், ஆயிரம் மடங்கு நுட்பத்துக்குக் கிடைக்கும் பயன் ஏறத்தாழப் பத்துப் படிகளே. ஏனெனில் வேறுபாடு சராசரியாகப் படிக்கு இரு மடங்காகப் பெருகுகிறது. பத்து முறை இரட்டித்தால் ஆயிரம் ஆகிவிடுகிறது. அறிவைப் பெருக்குவதற்கு நாம் தரும் விலை மடங்கு மடங்காக ஏற, நாம் பெறும் காலமோ அடியடியாகவே நீள்கிறது. வானிலையை நாளுக்கு நாள் முன்னுரைப்பதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் எல்லை என்று அறிஞர் கூறுவது இதனால்தான்.

ஒழுங்கின்மை தோன்றுவதற்கு வானமும் கடலும் வேண்டுவதில்லை. 1982இல் நிறுவப்பட்ட திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மு. லட்சுமணன் தலைமையில் வளர்ந்த நேரியல் சாரா இயக்கவியல் ஆய்வு உலகறிந்தது. கே. முரளி, லட்சுமணன், அமெரிக்காவின் லியோன் சுவா ஆகிய மூவரும் 1994இல் வெளியிட்ட மின்சுற்று அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. ஒரு மின்தடை, ஒரு மின்தூண்டி, ஒரு மின்தேக்கி, நேரியல் சாராத ஒரே ஒரு டையோடு, சீராக ஏறியிறங்கும் மின்னழுத்தத்தைத் தரும் ஒரு மூலம் ஆகிய இவையே அதன் உறுப்புகள். மின்னழுத்தத்தின் வீச்சைப் படிப்படியாகக் கூட்டினால், சீராக இருந்த அதிர்வு முதலில் இரு மடங்கு காலத்தில் திரும்பி வருவதாகவும், பின் நான்கு மடங்கு காலத்தில் திரும்பி வருவதாகவும் மாறி, முடிவில் திரும்பியே வராத ஒழுங்கின்மையை அடைகிறது. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியின் சமன்பாடு முற்றிலும் தெரியும். அதன் உறுப்புகளும் கடையில் வாங்கியவையே. எனினும் அதன் போக்கை நெடுநேரத்துக்கு முன்னுரைக்க எவராலும் இயலாது. இதனைக் கண்டு, அக்கருவிக்குள் மறைந்த கை ஒன்று செயற்படுகிறது என்று ஆய்வகத்தில் எவரும் கருதுவதில்லை. இஃது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

3. போல்கிங்ஹார்னின் வாதம்

போல்கிங்ஹார்ன் இவற்றை நன்கறிந்தவர். அவர் வாதத்தை எளிமையாக்கி வீழ்த்துவது நேர்மையாகாது. அதனை அதன் வலிமையோடு எடுத்துரைப்போம்.

அறிவியல் அறிஞர் உலகை உள்ளவாறு அறிய முயல்கின்றனர் என்பதும், நாம் அறியும் முறைக்கும் உலகம் இருக்கும் முறைக்கும் ஒரு பொருத்தம் உண்டு என்பதும் அவருடைய அடிப்படை நம்பிக்கைகள். குவாண்டம் இயற்பியலில், அளக்க இயலாமை என்பது அறியாமை மட்டுமன்று, பொருள்களின் இயல்பே என்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டனர். அவ்வாறாயின் ஒழுங்கின்மை அமைப்புகளின் முன்னுரைக்க இயலாமையையும் உலகின் உண்மையான திறந்த தன்மைக்கு அடையாளமாக ஏன் கொள்ளலாகாது என்று அவர் வினவுகிறார். நியதிச் சமன்பாடுகள் இறுதி உண்மை அல்ல. அவற்றினும் நெகிழ்வான ஓர் உண்மையின் தோராய வடிவமே அவை. அந்த நெகிழ்வில், ஆற்றலைச் சேர்க்காமல் ஒழுங்கை மட்டும் தருகின்ற செய்தியின் வழியாகக் கடவுள் செயற்படுகிறார். மனிதரின் எண்ணம் உடலை இயக்குவதும் இத்தகையதே என்கிறார்.

இதனால் மன்றாட்டுக்கும் ஓர் எல்லையை அவர் வகுக்கிறார். கார்ல் பாப்பர் 1965இல் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில், இயற்கையில் கடிகாரம் போன்றவையும் உண்டு, மேகம் போன்றவையும் உண்டு என்று பகுத்தார். அப்பகுப்பைத் தழுவி, பருவங்களின் வருகை கடிகாரத்தைப் போன்றது ஆதலால் அதனை மாற்றும்படி மன்றாடுவது தகாது. மழையோ மேகத்தைச் சார்ந்தது, ஆதலால் மழைக்காக மன்றாடுவது பொருளுடையது என்கிறார் அவர்.

இவ்வாதத்தின் நோக்கம் உயர்ந்தது. உலகைப் படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட கடவுளையும் அவர் ஏற்கவில்லை. விதிகளை உடைத்துக்கொண்டு புகும் கடவுளையும் ஏற்கவில்லை. உயிருள்ள கடவுளுக்கும் ஒழுங்குள்ள உலகுக்கும் ஒருங்கே இடம் தேடினார். இத்தேடல் நம்முடையதுமாகும்.

4. வாதத்தின் குறைகள்

ஆயினும் தேடல் சரியாயிருப்பதால் கண்டடைந்தது சரியாகிவிடாது. மூன்று குறைகளைச் சுட்டுகிறோம்.

முதலாவது, இவ்வாதம் தான் ஏறி நிற்கும் ஏணியைத் தானே உதைத்துத் தள்ளுகிறது. முன்னுரைக்க இயலாமை எங்கிருந்து பெறப்பட்டது? நியதிச் சமன்பாடுகளிலிருந்தே. அச்சமன்பாடுகளை மெய்யெனக் கொண்டால் உலகில் திறப்பு இல்லை. அவை தோராயம் மட்டுமே எனக் கொண்டால், அவற்றினின்று பெற்ற ஒழுங்கின்மையைச் சான்றாகக் காட்டும் உரிமை குறைகிறது. உலகம் திறந்திருக்கிறது என்று ஒருவர் நம்பலாம். அந்நம்பிக்கைக்கு வேறு நல்ல காரணங்களும் இருக்கலாம். இக்கோட்பாட்டை அதற்குச் சாட்சியாக அழைத்தல் மட்டும் இயலாது. அத்தொகுப்பிலேயே வைல்ட்மனும் ரசலும் எழுதிய கட்டுரை, இக்கோட்பாட்டிலிருந்து பெரிய தத்துவ முடிவுகளைப் பெறுவோர்க்கு அடக்கம் தேவை எனக் காட்டுகிறது. வில்லெம் டிரீஸ், இடைவெளிகளில் கடவுளைத் தேடும் பழைய முயற்சியே இங்குப் புதிய உருவில் வருகிறதோ என ஐயுறுகிறார். நான்சி மர்ஃபியோ இறைச்செயலின் இடத்தை ஒழுங்கின்மையில் அன்றிக் குவாண்டம் நிலையிலேயே தேடுகிறார். குவாண்டம் வழி 1958இல் வில்லியம் போலர்டு என்பவரால் முன்னரே வகுக்கப்பட்டது. அதன் சிக்கல்கள் தனி ஆய்வுக்குரியவை.

இரண்டாவது குறையே நமக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. கடிகாரம், மேகம் என்னும் பகுப்பு இயற்கையில் இல்லை, அளப்பவனிடத்தில் இருக்கிறது. நம் நாட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். கிரகணம் எந்நாள், எந்நாழிகை என்று அது கூறுகிறது. அவ்வாண்டு எத்தனை மரக்கால் மழை என்றும் கூறுகிறது. கிரகணம் சொன்ன நாளில் நிகழ்கிறது. மழையோ சொன்னபடி பெய்வதில்லை. ஒரே நூலின் ஒரு பக்கம் கடிகாரம், மறுபக்கம் மேகம் எனலாம். ஆனால் பிரெஞ்சு வானியல் அறிஞர் ஜாக் லாஸ்கர், கோள்களின் இயக்கமும் ஒழுங்கின்மை உடையதே என்று 1989இல் கணக்கிட்டுக் காட்டினார். பூமியின் இன்றைய நிலையை அளப்பதில் 15 மீட்டர் பிழை நேர்ந்தால், 10 கோடி ஆண்டுகளுக்குப் பின் தன் பாதையில் அஃது எங்கிருக்கும் என்று கூற இயலாது. ஆகவே கோள்களும் மேகங்களே. மெல்ல நகரும் மேகங்கள். மேகமும், ஒரு மணி நேரத்துக்குள் நோக்கினால், கடிகாரமே.

அஃதாவது, முன்னறிவின் எல்லை என்பது பொருளுக்கும் அதனை அளக்கும் வரம்புடைய அறிவுக்கும் இடையேயுள்ள உறவாகும். கருவிகள் திருந்தினால் அவ்வெல்லை சற்று விலகும், எந்நாளும் மறையாது. வரம்புடைய அறிவுக்கு மட்டுமே அந்த எல்லை உண்டு. எல்லா இலக்கங்களையும் அறிந்தவர்க்கு 0.506க்கும் 0.506127க்கும் இடையே மயக்கம் ஏது? கடவுள் கையாளத்தக்க நெகிழ்வு என்று போல்கிங்ஹார்ன் கருதியது உண்மையில் நம் பார்வையின் மங்கலே. நம் கண் மங்கும் இடத்தைக் கடவுள் நடமாடும் இடமாக வரையறுப்பது, அவருடைய ஆட்சியை நம் குறைவைக் கொண்டு அளப்பதாகும்.

மூன்றாவது குறை, காரணம் என்பதன் பொருளைப் பற்றியது. 1972இல் லோரன்ஸ் ஆற்றிய உரையின் தலைப்பு, பிரேசிலில் பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்சாசில் சூறாவளி எழுமா என்னும் வினாவாகவே அமைந்தது. தலைப்பைச் சூட்டியவரும் அவர் அல்லர். அமர்வை ஒழுங்கு செய்த பிலிப் மெரிலீஸ் ஆவார். ஒரு சிறகடிப்பு சூறாவளியை உண்டாக்கக் கூடுமாயின் அதனைத் தடுக்கவும் கூடும் என்பதை லோரன்ஸ் அவ்வுரையிலேயே சுட்டிக்காட்டினார். நம் அருளுரைகள் இதனை விட்டுவிடுகின்றன. ஒழுங்கின்மை அமைப்பில் ஒவ்வொரு சிறகும் ஒவ்வொரு மூச்சும் பின்வரும் நிலையை மாற்றுகிறது. ஆதலால் அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்து இதுவே காரணம் என்று கூறுதல் இயலாது. கடவுளின் செயலையும் அத்தகைய அசைவுகளுள் ஓர் அசைவாக எண்ணினால், அவரைக் கோடிப் பட்டாம்பூச்சிகளுள் ஒன்றாக்கிவிடுகிறோம். எல்லாக் காரணங்களுக்கும் மூலமானவரைக் காரணங்களின் வரிசையில் ஒரு கண்ணியாக நிறுத்துவது திருச்சபையின் படைப்புக் கொள்கைக்கு ஏற்றதன்று. ஒரு துளி மழையும் கடவுளின் ஆணையின்றி விழுவதில்லை என்று போதித்த கால்வினும் இவ்வாறு கூறவில்லை. அவருக்குக் கடவுளின் ஆணை இயற்கைக் காரணங்கள் யாவற்றையும் தாங்கி நிற்பது, அவற்றின் இடைவெளியில் நுழைவது அன்று.

5. முசிறிக் கரையில் இக்கேள்வி

இவை நூலறிவுச் சண்டைகள் என்று எவரும் எண்ணவேண்டா. முசிறிக்கு வரும் வெள்ளம் பெரும்பாலும் முசிறியில் பெய்த மழையால் வருவதன்று. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெருகினால், மேட்டூர் நிரம்பி, சில நாட்களில் அகண்ட காவிரி கரைபுரள்கிறது. 2018 ஆகஸ்டில் இவ்வாறே நிகழ்ந்தது. அம்மாதம் 22ஆம் நாள் இரவு, முசிறிக்குக் கிழக்கே முக்கொம்பில், 1836இல் கட்டப்பட்ட மேலணையின் 9 மதகுகளை வெள்ளம் அடித்துச் சென்றது. அம்மழைக்கும் வெள்ளத்துக்கும் கடவுள் மறைவாகத் தந்த ஓர் அசைவே காரணம் என்று போதித்தால், வாழைத் தோட்டத்தை இழந்தவர் கேட்கும் அடுத்த கேள்வி என்னவாயிருக்கும்? அசைத்த கை ஏன் என் வயலை நோக்கி அசைத்தது என்பதே. ஓர் அசைவில் மழையைத் தர வல்லவர் ஓர் அசைவில் அதனை நிறுத்தாதது ஏன் என்றும் கேட்பர்.

போல்கிங்ஹார்ன் இதனை உணராதவர் அல்லர். படைப்பு தன் இயல்புப்படி இயங்கும் உரிமையைக் கடவுள் அதற்கு அளித்திருக்கிறார். துன்பம் அவ்வுரிமையின் விலை என்று அவர் விடை கூறினார். சிந்திக்கத்தக்க விடையே. ஆயினும் அவருடைய இரு கொள்கைகளும் ஒன்றையொன்று இழுக்கின்றன. படைப்புக்கு உண்மையான உரிமை உண்டெனில், மறைந்த அசைவுகள் அவ்வுரிமையைக் குறைக்கின்றன. மறைந்த அசைவுகள் உண்டெனில், உரிமையைக் காட்டித் துன்பத்தை விளக்குதல் கடினமாகிறது.

நம் ஆண்டவரின் போதனை இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்த பதினெண்மரைப் பற்றிப் பேசுகையில், அவர்கள் மற்றவரைக் காட்டிலும் குற்றவாளிகள் என்னும் எண்ணத்தை அவர் மறுத்தார். அவ்வீழ்ச்சியில் மறைந்த குறி ஒன்றையும் அவர் காட்டவில்லை. நீதியுள்ளவர்மேலும் நீதியற்றவர்மேலும் மழை பெய்வதைப் பிதாவின் பாரபட்சமின்மைக்கு அவர் சான்றாகக் கூறினார். யோபின் புத்தகத்தில் கடவுள் புயலினின்று பேசும்போது, மனிதர் இல்லாத பாலைநிலத்திலும் மழை பெய்வதைச் சுட்டி, படைப்பு யோபுவின் கணக்கில் அடங்காதது எனக் காட்டுகிறார். மழையை நம் நன்மை தீமைகளுக்குரிய ஊதியச் சீட்டாக வாசிப்பதை இவ்விடங்கள் தடுக்கின்றன.

விதியைப் பற்றியும் ஒரு சொல். திருக்குறளில் ஊழுக்கு ஒரு முழு அதிகாரம் வகுத்த மரபில் வந்த நம் மக்களிடத்தில், எல்லாம் முன்னரே எழுதப்பட்டது என்னும் எண்ணம் வேரூன்றியது. எழுதப்பட்டதைப் படித்துச் சொல்வோரும் தெருத்தோறும் உள்ளனர். எல்லாம் நிர்ணயிக்கப்பட்டது என்றே வைத்துக்கொண்டாலும், அதனால் எதுவும் முன்கூட்டி அறியத்தக்கதாகிவிடாது என்று ஒழுங்கின்மைக் கோட்பாடு காட்டுகிறது. நிர்ணயம் வேறு, முன்னறிவு வேறு. சோதிடத்தின் கால்களை இவ்வேறுபாடு முறிக்கிறது. அதே வேளையில், இக்கோட்பாடு மனித விடுதலைக்கும் ஆதாரம் தருவதில்லை. கணிக்க இயலாத மின்சுற்று விடுதலை பெற்ற மின்சுற்று ஆகாது. மனிதர் பொறுப்புள்ளவர் என்று நாம் போதிப்பது கடவுள் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதனால். அணுக்கள் தடுமாறுவதனால் அன்று.

6. எஞ்சுவது

அப்படியாயின் இக்கோட்பாட்டால் இறையியலுக்குப் பயன் இல்லையோ? உண்டு, தேடிய இடத்தில் இல்லாமல் வேறோர் இடத்தில் உண்டு. இக்கோட்பாடு கடவுளுக்கு இடம் காட்டவில்லை. மனிதனுக்கு எல்லை காட்டுகிறது. லாப்லாசின் பேரறிவைத் தான் அடைந்துவிடலாம் என்று கருதிய மனித இறுமாப்புக்கு, லாப்லாஸ் போற்றிய சமன்பாடுகளே விடை கூறின. 1986இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் லைட்ஹில், நியூட்டனின் விதிகளுக்கு உட்பட்ட இயக்கம் யாவும் முன்னுரைக்கத்தக்கது என்று கற்றோரை நம்பவைத்தமைக்காக, தம் துறையினர் அனைவர் சார்பிலும் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். ஒரு துறை முழுவதும் இவ்வாறு தன்னைத் தாழ்த்திக்கொண்டதை நாம் மதித்துப் போற்றுகிறோம். பிரசங்கி காலமும் எதிர்பாராத நிகழ்வும் எல்லார்க்கும் நேரிடுவதைப் பற்றிக் கூறியபோது அறிந்திருந்த தாழ்மை இதுவே.

இத்தாழ்மை கைகட்டி நிற்பதற்கு அனுமதி அன்று. நாள்வாரி வானிலைக்கு இரண்டு வாரம் எல்லையெனினும், வெப்பமண்டலத்தில் பருவமழையின் மொத்தப் போக்கு மெல்ல மாறும் கடல் வெப்பத்தைச் சார்ந்திருப்பதால், அதனை ஓரளவு முன்கூட்டி அறியலாம் என்று ஜூல் சார்னியும் இந்தியரான ஜகதீஷ் சுக்லாவும் 1981இல் எடுத்துக்காட்டினர். ஒழுங்கின்மையின் நடுவிலும் அறியத்தக்கது உண்டு. மேட்டூரில் திறந்த நீர் முசிறியை அடையுமுன் சில நாட்கள் உண்டு. கரையோரக் குடிசைகளில் வாழ்வோர்க்கு எச்சரிக்கை சென்று சேர்ந்ததா, பழைய மதகு பழுது பார்க்கப்பட்டதா, ஆற்று மணல் அளவின்றி அள்ளப்படுகிறதா என்னும் வினாக்களுக்கும் பட்டாம்பூச்சிக்கும் தொடர்பு இல்லை. இவற்றை அறியமுடியாத இறைச்சித்தத்தின் கணக்கில் எழுதுவது பக்தியின் உடை அணிந்த சோம்பலாகும்.

மன்றாட்டு நிற்கவேண்டுவதில்லை. மழைக்காக மன்றாடும் சபை, வளிமண்டலத்தின் தொடக்க நிலையைத் திருத்தும்படி கடவுளுக்கு விண்ணப்பம் அனுப்பவில்லை. தன் உணவு தன் கையில் இல்லை என்பதை அறிக்கை செய்கிறது. தன் வயலோடு அண்டை வயலையும் நினைக்கிறது. மழை வரினும் வராவிடினும் தன்னைக் கைவிடாதவரிடம் தன்னை ஒப்படைக்கிறது. அவர் எவ்வாறு செயற்படுகிறார் என்பதற்குப் பொறிமுறை விளக்கம் ஒன்றைக் கொடுக்க நாம் கடமைப்படவில்லை. அவ்விளக்கத்தைத் தர முயன்ற ஒரு நல்லறிஞரின் உழைப்பை மதிக்கிறோம்; அவர் தந்த விளக்கத்தை ஏற்க மறுக்கிறோம்.

காற்றை நோக்கிக்கொண்டே இருப்பவன் விதைக்கமாட்டான் என்னும் கருத்தைக் கூறும் பிரசங்கி பதினோராம் அதிகாரம், எது பலன் தரும் என்று நாம் அறியாததனாலேயே காலையிலும் மாலையிலும் விதைக்கவேண்டும் என்று கற்பிக்கிறது. அறியாமை அங்கே செயலுக்குக் காரணமாகிறது. ஜூன் 12 என்னும் வழக்கமான நாளில் மேட்டூர் திறக்கப்படுமா என்று அறியாமலே நாற்றங்காலுக்கு நிலத்தைப் பண்படுத்தும் உழவர் இவ்வதிகாரத்தை விளக்கவுரை இன்றியே புரிந்துகொள்வர். அவர்களுக்குப் போதிக்கச் செல்லும் நம் மாணவர், இக்கோட்பாட்டிலிருந்து எடுத்துச் செல்லவேண்டிய பாடமும் அதுவே.